குளோன் வார்ஸ் ஒரு பழைய கார்ட்டூனாக வந்திருந்தால்: எந்த ஆண்டு, எந்தப் பாணி?

ஸ்டார் வார்ஸின் முன்கதையை 1980களில் ஓடிய ஒரு கார்ட்டூன் தொடராகக் கற்பனை செய்து எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது ரசிகர் அனிமேஷன் உலகில் தீராத ஆசை. குடியரசு எப்படிச் சரிந்தது, ஒளிவாள் ஏந்திய ஜெடாய் வீரர்கள் எப்படி அழிந்தார்கள், ஒரு சீடன் எப்படி டார்த் வேடர் என்ற முகமூடி வில்லன் ஆனான் என்பதுதான் குளோன் வார்ஸ் என்ற போரைச் சுற்றிய அந்த முன்கதை. இப்படித் தொடங்கும் முயற்சிகளில் பல, முதல் அரை நிமிடத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். படத்தில் மணல்மணலாகத் தூசி இருக்கும், ஓரம் மங்கியிருக்கும், நிறம் வெளுத்திருக்கும். ஆனால் அந்தத் தூசிக்குக் கீழே இருப்பது இன்றைய படம். வடிகட்டி போட்டால் பழசாகிவிடும் என்ற நினைப்புதான் கோளாறு.

பாணியைத் தேர்ந்தெடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இந்தத் தொடர் எந்த ஆண்டு ஒளிபரப்பானதாகப் பாவனை செய்யப் போகிறீர்கள்? அந்த எண்ணை எழுதி வைத்துவிட்டால் கதை, உடை, வாளின் நிறம், வாயசைப்பு, எத்தனை படம் வரைய வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகத் தீர்மானமாகிவிடும்.

ஆண்டைப் பொறுத்து கதையே மாறும்

முன்கதை என்றதும் 1999, 2002, 2005 ஆண்டுகளில் வந்த மூன்று படங்களை அப்படியே பழைய கோடுகளில் வரைவது ஒரு வழி. அது எளிது, ஆனால் சுவை குறைவு. 1980களில் உட்கார்ந்து எழுதுபவருக்கு அந்தப் படங்கள் தெரியாது. அவர் கையில் இருந்தது எவ்வளவு சொற்பம் என்று பார்த்தால்தான் இந்த விளையாட்டின் ருசி புரியும்.

1978 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 1977 மே மாதம் வெளியான ஒரே படமும் அதன் நாவல் வடிவமும். குளோன் வார்ஸ் என்று ஒரு போர் நடந்தது, முதிய ஜெடாய் ஓபி-வான் அதில் இளவரசி லேயாவின் தந்தைக்குத் துணை நின்றார், இளைஞன் லூக் ஸ்கைவாக்கரின் தந்தை தேர்ந்த விமானி, ஓபி-வானின் நண்பர். வேடர் என்ற இளம் ஜெடாய், ஓபி-வானின் சீடன், துரோகியாகி அந்த நண்பரைக் கொன்றான். அவ்வளவுதான். லூக்கின் தந்தைக்கு முதற்பெயர் கூடக் கிடையாது. அனகின் என்ற பெயர் திரையில் வந்தது 1983-ல். ஆகவே 1978 தொடரில் ஸ்கைவாக்கரும் வேடரும் இரண்டு தனி மனிதர்கள். நாயகனும் துரோகியும் ஒரே ஆசானிடம் அருகருகே நின்று வாள் பழகும் காட்சியை நீங்கள் தயங்காமல் வரையலாம். பால்பட்டீன் என்ற பெயர் நாவலின் முன்னுரையில் இருக்கிறது. பதவி ஆசை பிடித்த செனட்டர் அவர். பிறகு தன்னைச் சுற்றியிருந்தவர்களின் கைப்பாவை ஆகிவிடுகிறார். சூத்திரதாரி அவர்தான் என்ற கதை பின்னால் வந்தது.

1981 அல்லது 1982 என்றால் நிலைமை இன்னும் சுவாரசியம். 1980 படத்தில் வேடர் தானே தந்தை என்று சொல்லிவிட்டார். ஆனால் அது உண்மையா பொய்யா என்று 1983 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த இடைவெளியில் தொடர் எழுதுபவர் இரண்டுக்கும் இடம் விட்டே எழுதியாக வேண்டும்: துரோகியின் முகத்தைக் காட்டாமல், முகமூடி போடும் தருணத்தைக் காட்டாமல், இருவரையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தாமல். ஜெடாய் குரு யோடா வந்துவிட்டார். கூலிக்கு ஆள் பிடிக்கும் போபா ஃபெட்டின் கவசம் பற்றி 1980 நாவலில் ஒரு வரி இருக்கிறது: குளோன் வார்ஸில் ஜெடாய்களிடம் தோற்ற தீய வீரர்கள் அணிந்த வகைக் கவசம் அது. அந்த ஒரு வரியை வைத்து முழு எதிரிப் படையையே வடிவமைக்கலாம். குளோன்கள் குடியரசின் பக்கம் போரிட்டார்கள் என்பது 2002-ல் வந்த திருப்பம். 1981-ல் எழுதுபவர் குளோன் என்றதும் எதிரியைத்தான் நினைப்பார்.

1984-க்குப் பிறகு என்றால் லூக்கும் லேயாவும் இரட்டையர் என்பது, தந்தையின் பெயர், பேரரசரின் முகம் எல்லாம் தெரியும். மர்மம் போய்விடுகிறது, சோகம் மட்டும் மிஞ்சுகிறது. இதற்கும் ஆள் உண்டு.

எந்த ஆண்டானாலும் தவிர்க்க வேண்டிய காலப்பிழைகள் சில உண்டு. தலைநகரத்துக்குக் கொரஸாண்ட் என்ற பெயர் 1991-ல் டிமதி ஸானின் நாவலில் வந்தது. அதற்கு முன் அது பெயரில்லாத நகரம். பச்சை வாள் 1983-க்குப் பிறகுதான். அதற்கு முன் நீலமும் சிவப்பும் மட்டுமே திரையில் இருந்தன. ஆனால் 1978-ல் கெனர் நிறுவனம் விற்ற லூக் பொம்மையின் கையில் மஞ்சள் வாள் இருந்தது, எனவே மஞ்சளுக்கு வரலாற்று அனுமதி உண்டு. உடைதான் அதிகம் பேர் வழுக்கும் இடம். ஓபி-வானின் பழுப்பு அங்கி 1977 படத்தில் பாலைவனத்து ஆள் போடும் துணி. லூக்கின் பெரியப்பா ஓவனும் ஏறக்குறைய அதே மாதிரிதான் உடுத்தியிருப்பார். அது ஜெடாய்களின் பொதுச் சீருடை என்பது 1999 படம் நிலைநிறுத்திய எண்ணம். 1981 தொடரில் ஜெடாய் என்றால் கவசம் பூட்டிய குதிரைவீரன் சாயலில், தோள்பட்டையும் போர்வையும் விமானித் தலைக்கவசமுமாக இருப்பதே பொருந்தும். முதல் படத்தின் வடிவமைப்பு ஓவியர் ரால்ஃப் மெக்குவாரியின் 1975 கால முன்னோட்ட ஓவியங்களில் வெள்ளைக் கவச வீரர்களே வாளேந்தி நிற்பார்கள். அவற்றைப் பார்த்துவிட்டு வரையத் தொடங்குங்கள். 1999 படங்களின் புகைப்படங்களை மூடி வையுங்கள்.

நான்கு பாணிகள், ஒரு விருந்தாளி

முதலாவது நெல்வானா பாணி. ஸ்டார் வார்ஸ் உண்மையிலேயே கார்ட்டூனானது இங்கேதான். 1978 நவம்பர் 17 அன்று அமெரிக்காவில் சிபிஎஸ் ஒளிபரப்பிய விடுமுறைச் சிறப்பு நிகழ்ச்சியில், டொராண்டோவின் நெல்வானா ஸ்டுடியோ சுமார் பத்து நிமிடக் கார்ட்டூன் ஒன்றைச் செய்தது. போபா ஃபெட் முதலில் தொலைக்காட்சியில் தோன்றியது அதில்தான். பிரெஞ்சுச் சித்திரக்கதைக் கலைஞர் மோபியஸின் சாயலில் நீண்ட முகங்கள், ரப்பர் போல வளையும் உடல்கள். அதே ஸ்டுடியோ 1985-ல் ரோபாட் இருவரை வைத்து ஒரு தொடரும் கரடிக்குட்டி போன்ற ஈவாக்குகளை வைத்து ஒரு தொடரும் ஏபிசிக்காகச் செய்தது. ரோபாட் தொடர் 13 பகுதிகளோடும் ஒரு சிறப்புப் பகுதியோடும் நின்றுவிட்டது.

உண்மைத்தன்மை என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. சிக்கல் இரண்டு. 1978 பாணியின் வளைநெளிவான அசைவுக்கு இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் (சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம்) என்ற வேகம் வேண்டும், படத்துக்குப் படம் முகத்தின் கன அளவு மாறாமல் பார்த்துக்கொள்ள கைதேர்ந்த ஆள் வேண்டும். அந்தக் கை இல்லாமல் இழுத்தால் முகம் மாவு போலப் பிசகும். 1985 பாணி அதைவிட எளிது. ஆனால் அது சனிக்கிழமைக் காலைக் குழந்தைகள் நேரம். அந்த நேரத்துக்கு ஒளிபரப்பு நிறுவனங்கள் கடுமையான வன்முறைக் கட்டுப்பாடு வைத்திருந்தன. சாவைக் காட்ட முடியாது, துப்பாக்கிக் கதிர் மனிதர் மேல் படாமல் பெட்டி, தூண், கதவு மேல் படும். ஜெடாய் ஒழிப்பை இதில் எப்படிச் சொல்வது? எதிரிகளை எல்லாம் ரோபாட் ஆக்கிவிடலாம், வெட்டினால் திருகாணி மட்டும் சிதறும். போரின் முற்பகுதியை இப்படி உற்சாகமாகச் சொல்லிவிடலாம். வீழ்ச்சியைச் சொல்ல முடியாது.

இரண்டாவது ஃபில்மேஷன் பாணி. 1973-74-ல் ஸ்டார் ட்ரெக்கைக் கார்ட்டூனாக்கி 22 பகுதிகள் எடுத்தவர்கள். ஒரே ஓட்டம், ஒரே திரும்பல், பக்கவாட்டு முகத்தில் வாய் மட்டும் அசைவு என்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தவர்கள் என்று இவர்களைக் கேலி செய்வது வழக்கம். கேலியில் பாதி நியாயம் இல்லை. பேச்சு அதிகமுள்ள கதைக்கு இந்தப் பாணி கச்சிதமாகப் பொருந்தும். பால்பட்டீன் செனட்டைக் கைப்பற்றும் அரசியலைச் சொல்ல ஒரு மண்டபப் பின்னணி, ஐந்து முகங்கள், ஏழெட்டு வாய் வடிவங்கள், நல்ல வசனம் போதும். கப்பல்களுக்கும் இவர்களிடம் ஒரு தந்திரம் இருந்தது. 1979-ல் வந்த ஃபிளாஷ் கார்டன் தொடரில் சிறு மாதிரிக் கப்பல்களைப் படம்பிடித்து அவற்றின் கோடுகளைச் செல் எனப்படும் ஒளிபுகும் அசிட்டேட் தாளுக்கு மாற்றினார்கள். அதனால் மற்றதெல்லாம் அசையாமல் நிற்க, கப்பல் மட்டும் அசாத்தியத் துல்லியத்தோடு திரும்பும். வாள்சண்டை மட்டும் இந்தப் பாணியில் எடுபடாது. கை தோளிலிருந்து மட்டும் அசைய, உடல் சிலையாக நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

மூன்றாவது, 1979 முதல் 1982 வரையிலான ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்ப் பாணி. 1979-ல் தொடங்கிய கண்டாம் (Gundam), 1982-ன் மாக்ராஸ் ஆகிய ரோபாட் தொடர்களின் உலகம். இங்கே மூன்று ஃபிரேமுக்கு ஒரு படம், அதாவது நொடிக்கு எட்டுப் படம் என்பதே வழக்கம். அதுவும் அசையும் பகுதிக்கு மட்டும். முகம் நிற்கும், வாய் மூன்று நிலையில் மாறும்: மூடியது, பாதி, திறந்தது. கப்பல் புறப்பாடு, வாள் உருவல், சுடுதல் போன்ற காட்சிகளை ஒருமுறை நன்றாக வரைந்து சேமிப்பில் வைத்து ஒவ்வொரு பகுதியிலும் எடுத்துப் போடுவார்கள். அசைவு குறைவு என்பதை இவர்கள் மறைக்கவில்லை. நிற்கும் படத்தையே அழகாக்கினார்கள். வாள் வீச்சுக்கு முன் கால் நொடி உறைந்த நிலை, ஒரே ஃபிரேம் நீளும் கோடு, இரண்டு ஃபிரேம் வெள்ளை, பிறகு முதுகு காட்டி நிற்கும் இருவர், பின்னால் காற்று. மொத்தம் ஆறேழு படங்களில் ஒரு சண்டை முடிந்துவிடும்.

நான்காவது, எல்லாரும் மயங்குவது: 1985 முதல் 1988 வரையிலான ஜப்பானிய வீடியோ வெளியீட்டுப் பாணி. தொலைக்காட்சிக்காக அல்லாமல் நேரடியாகக் கடைக்கு வந்த படங்கள். 1983 டிசம்பரில் வந்த டல்லோஸ் இவ்வகையில் முதலாவது. ஒவ்வொரு உலோகத் தகட்டிலும் மூன்று நிற நிழல், வெடிப்பில் பறக்கும் ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாகச் சுழலும், கூந்தல் இழை இழையாகப் பறக்கும். பார்த்தால் கண் குளிரும். வரைந்தால் கண் போய்விடும். பிரிட்டனைச் சேர்ந்த ஒரு ரசிகர் இந்தப் பாணியில் பேரரசின் போர்விமானிகளைப் பற்றி எடுத்த ஏழு நிமிடப் படம் 2015-ல் வந்தது. நான்கு ஆண்டு வாரயிறுதிகள் அதற்குப் பிடித்தன. அந்த உழைப்பு வணங்கத் தக்கது, ஆனால் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். இந்தப் பாணியைத் தேர்ந்தெடுத்த குழுக்களின் வேலை பொதுவாக முதல் விண்வெளிச் சண்டையில் நின்றுபோகும், ஏனென்றால் கப்பலை எல்லாருக்கும் முதலில் வரைய ஆசை.

விருந்தாளியாகச் சொல்ல வேண்டியது அனிமேஷன் இயக்குநர் ஜென்டி டார்ட்டகோவ்ஸ்கியின் 2003-05 ‘குளோன் வார்ஸ்’ குறுந்தொடர். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 25 அத்தியாயங்கள், முதல் இருபதும் மூன்று நிமிட அளவில். பலர் இதைப் பழைய பாணி என்று எண்ணிப் பின்பற்றுகிறார்கள். அது பழைய பாணி அல்ல, பழையதை நன்கு படித்த ஒருவரின் புதிய பாணி. கோணலான தாடை, தடித்த கோடு, வசனமில்லாத நீண்ட காட்சிகள் என்று பார்க்க எளிதாகத் தெரியும். வரையும்போது ஒவ்வொரு நிழலுருவமும் தனியாக நின்று பேச வேண்டும் என்பதால் வடிவமைப்பாளர் இல்லாத குழுவுக்கு இது ஆகாது. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று நிமிட நீளத்தை மட்டும்.

எண்ணிக்கை சொல்வது என்ன

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். 22 நிமிடப் பகுதி என்றால் 31,680 ஃபிரேம். ஆனால் அக்கால ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்கள் ஒரு பகுதிக்குச் சுமார் 3,500 முதல் 5,000 படங்களுக்குள் முடித்துவிடும். அதாவது நிமிடத்துக்குக் குறைந்தது சுமார் 160 படம். ஃபில்மேஷன் முறையில் சேமிப்புக் காட்சிகள் சேர்ந்துவிட்ட பிறகு புதிய படங்களை நிமிடத்துக்கு 80 அளவில் வைத்துத் திட்டமிடலாம். 1978 நெல்வானா அசைவுக்கு 400-க்குக் குறையாது. வீடியோ வெளியீட்டுப் பாணிக்கு 350 என்று வைத்தாலும் ஒவ்வொரு படமும் இருமடங்கு நேரம் பிடிக்கும்.

ஒருவர் மாலை நேரத்தில் வரைந்து, சுத்தப்படுத்தி, நிறமடித்து நாளுக்கு எட்டுப் படம் முடிப்பதாக வைத்துக்கொண்டால், மூன்று நிமிடக் காட்சி ஜப்பானியத் தொலைக்காட்சிப் பாணியில் 480 படம், 60 நாள். அதே மூன்று நிமிடம் வீடியோ வெளியீட்டுப் பாணியில் 1,050 படம், நாளுக்கு நான்கு வீதம் 260 நாளுக்கு மேல். முழு 22 நிமிடப் பகுதி என்றால் எளிய கணக்கிலேயே ஓராண்டைத் தாண்டும். பின்னணி ஓவியம், ஒலி, தொகுப்பு இதில் சேரவில்லை.

ஆகவே இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு எங்கள் பரிந்துரை: 1981-82 ஆண்டு, ஜப்பானியத் தொலைக்காட்சிப் பாணி, ஒன்றரை நிமிடத் தொடக்கப் பாடல் காட்சியும் ‘கிடைத்த துண்டு’ என்ற பாவனையில் மூன்று நிமிடக் காட்சி ஒன்றும். அந்த ஸ்டுடியோக்களுக்கு இருந்த பணமுடையும் ஆள்முடையும் உங்களுக்கும் இருக்கிறது. அதிலிருந்து பிறந்த உத்திகள் உங்களிடம் போலியாகத் தெரியாது. ஒன்றரை நிமிடம் என்பது அக்காலத் தொடக்கக் காட்சியின் நீளமே. அதை 35 முதல் 40 வெட்டுகளாகப் பிரித்து, பாதியை நகரும் நிலைப்படங்களாக வைத்தால் 400 படத்தில் முடியும். குழுவில் நல்ல வசனகர்த்தா இருந்து ஓவியர் ஒருவர் மட்டுமே என்றால் ஃபில்மேஷன் பாணிக்குப் போங்கள். செனட் அரசியலை எடுங்கள். தனி ஆளாக, பொறுமைசாலியாக, காலக்கெடு எதுவும் இல்லாதவராக இருந்தால் மட்டும் வீடியோ வெளியீட்டுப் பாணி.

தமிழில் குரல் கொடுக்க எண்ணினால் இன்னொரு காரணமும் சேர்கிறது. அமெரிக்க முறையில் குரலை முதலில் பதிந்து, ஒலிக்கேற்ற வாய் வடிவங்களை வரைவார்கள். ஆங்கிலத்துக்கு வரைந்ததில் தமிழ் ஒட்டாது. ஜப்பானிய முறையில் படம் முதலில், குரல் பிறகு. மூன்று நிலை வாய்க்கு எந்த மொழியும் பொருந்தும். வசன நீளம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

செல்லா, கணினியா, முப்பரிமாணமா

உண்மையான அசிட்டேட் செல்லில் வண்ணம் பூசிப் படம்பிடிப்பது இன்றும் முடியும். செல், வண்ணம், ஆணிப்பட்டை, தூசியில்லாத அறை, மேலிருந்து கீழ்நோக்கும் கேமரா என்று செலவு ஏறும். பத்து வினாடி செய்து பார்ப்பது நல்ல பாடம். முழுப் படத்துக்கு வேண்டாம். ஆனால் அதன் இயல்புகளைத் தெரிந்துகொள்ளாமல் கணினியில் பாவனை செய்ய முடியாது. செல் முழுக்கத் தெளிவானது அல்ல. நான்கைந்து அடுக்குக்கு மேல் போனால் கீழே உள்ள நிறம் மங்கிப் பழுப்பேறும். அதனால் ஒரு காட்சியில் தனித்தனியாக அசையும் பொருட்கள் நான்கைத் தாண்டுவது அரிது. கணினியில் நாற்பது அடுக்கு போட்டு எல்லாவற்றையும் அசைத்தால் பார்ப்பவருக்குக் காரணம் புரியாமலே ஏதோ உறுத்தும்.

காகிதத்தில் வரைந்து வருடியில் ஏற்றி ஓப்பன்டூன்ஸ் மென்பொருளில் நிறமடிப்பது சிறந்த நடுவழி. இலவசம், 2016-ல் திறந்த மூலமாக வெளியானது. நிறங்கள் எண்ணிட்ட தட்டாக இருப்பதால் பகல் நிறத்தை இரவு நிறமாக ஒரே மாற்றத்தில் மாற்றலாம், பழைய வண்ணக்கூடத்தின் வேலைமுறையே அதுதான். கணினி வரைபலகையில் நேரடியாக வரைய விரும்பினால் க்ரிட்டா மென்பொருள் போதும். கிளிப் ஸ்டுடியோ பெயிண்ட் வாங்குபவர்கள் கவனிக்க: அதன் ப்ரோ பதிப்பில் அனிமேஷன் 24 ஃபிரேமோடு நின்றுவிடும், ஈஎக்ஸ் பதிப்பு வேண்டும்.

கப்பல்களுக்கு மட்டும் முப்பரிமாணத்தின் உதவியை நாடுங்கள். 1977 படத்தின் மாதிரிக் கப்பல்களில் ஒட்டுப்பொம்மைப் பாகங்களை நூற்றுக்கணக்கில் ஒட்டியிருந்தார்கள். அதை நொடிக்கு எட்டு முறை கையால் வரைய முடியாது, அக்காலத்தில் வரையவும் இல்லை. தூரக் காட்சியில் ஒரு கப்பலுக்கு 40 கோட்டுக்கு மேல் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் எளிய மாதிரி செய்து, கேமரா அசைவை அமைத்து, மூன்று ஃபிரேமுக்கு ஒன்று மட்டும் எடுத்து, அதன் மேல் கையால் வரைய வேண்டும். கணினி எடுத்த கோட்டையே இறுதிப் படத்தில் விட்டுவிட்டால் எல்லா முயற்சியும் வீண். கோடு ஒரே தடிமனாக, கோணம் பிசகாமல், உயிரில்லாமல் வழுக்கும். கையால் வரைந்த கோட்டின் சின்ன நடுக்கம்தான் அந்தக் காலத்தின் கையெழுத்து.

நிறத்தில் ஒரு பாத்திரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல். படிப்படியாகக் கரையும் நிழல் செல்லில் கிடையாது. பின்னணி ஓவியத்திலும் வெடிப்பிலும் மட்டும் தெளிப்பானால் செய்த கரைவு இருக்கலாம். கறுப்பு உடையைக் கறுப்பாக அடிக்காதீர்கள். கறுப்புக் கோடு அதில் மறைந்து கையும் உடலும் ஒன்றாகிவிடும். கருநீலமோ கரும்பழுப்போ அடித்து, நிழலை மட்டும் கறுப்பாக்கி, விளிம்பில் சாம்பல் ஒளி விட வேண்டும். முகமூடிக்காரன் வரும் கதையில் இதைத் தவறவிட்டால் படம் முழுக்கப் பாழ்.

ஒளிவாள்

பழைய அனிமேஷனில் மின்னும் ஒளி வரைந்த ஒளி அல்ல, உண்மையான ஒளி. காட்சியை ஒருமுறை படம்பிடித்துவிட்டு, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, வாளின் வடிவத்துக்கு மட்டும் துளை விட்ட கறுப்பு மறைப்பை வைத்து, கீழிருந்து நிறத்தாள் வழியே விளக்கடித்து அதே ஃபிலிமில் மறுபடி பதிவார்கள். அதனால் வாளின் நடு வெளுத்து, ஓரம் நிறமாகக் கசியும். இரண்டு பதிவுக்கும் நடுவில் சற்று நகர்ந்துவிட்டால் வாள் கைப்பிடியிலிருந்து விலகித் தெரியும்.

கணினியில் இதற்கு வாளைத் தனி அடுக்கில் வெள்ளையாக வரையுங்கள். அதன் நகலொன்றுக்கு 1080 வரி அளவில் 6 முதல் 8 பிக்சல் மங்கல், இன்னொன்றுக்கு 30 முதல் 40. இரண்டுக்கும் நிறமிட்டு, கூட்டல் (add) முறையில் மேலே சேருங்கள். அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமுக்கு அகலக் கசிவை 100, 90 சதவீதமாக மாற்றினால் மெல்லத் துடிக்கும். வாளின் ஒளி முகத்தில், சுவரில், தரையில் எல்லாம் பரவும்படி மென்பொருள் விளைவு போடும் ஆசை வரும். அடக்குங்கள். அக்காலத்தில் அப்படிப் பரவும் ஒளி வேண்டுமென்றால் முகத்துக்குத் தனி நிறத்தட்டில் வேறு செல் வரைய வேண்டும். ஒரு பகுதியில் ஓரிரு முக்கியத் தருணத்துக்கு மட்டுமே அது நடக்கும்.

மோதலின்போது வரும் மின்னல் ஃபிரேம்களில் எச்சரிக்கை தேவை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் பகுதி ஒன்றில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மின்னியதைப் பார்த்து 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. சிவப்பு வாளும் நீல வாளும் மோதும் காட்சி அதே ஆபத்தான நிறச் சேர்க்கை. நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் வைக்காதீர்கள். காலத்துக்கு உண்மையாக இருக்கிறேன் என்று இதில் வாதாட வேண்டாம்.

பழசாக்கும் வேலை, கடைசியில்

தொகுப்பு முடிந்த பிறகுதான் இது. 4:3 சட்டகம், 1440×1080. நொடிக்கு 24 ஃபிரேமாகவே வெளியிடுங்கள். 30-க்கு மாற்றினால் மூன்று ஃபிரேம் தாளம் கலைந்து தடுக்கும். முதலில் படத்தை 720×540-க்குச் சுருக்கி மறுபடி விரித்தால் கோட்டின் கூர்மை இயல்பாக மழுங்கும். அடுத்து ஒவ்வொரு அசையும் செல்லுக்கும் கீழே இரண்டு மூன்று பிக்சல் தள்ளி மெலிந்த நிழல். அதன் பிறகு ஃபிலிம் மணல் (grain), அரை முதல் ஒரு பிக்சல் வரை மெதுவான சட்டக ஆட்டம், கடைசியில் நிறத் திருத்தம். டாவின்ச்சி ரிஸால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் பெரும்பாலானதைச் செய்யலாம், மணலுக்கு மட்டும் தனியாக ஒரு வீடியோ அடுக்கு தேவைப்படலாம். தூசிப் புள்ளிகள் திரையில் நிலையாக இருக்கக் கூடாது. செல்லில் ஒட்டிய தூசி செல்லோடு நகரும், பின்னணியில் ஒட்டியது பின்னணியோடு நகரும்.

வீடியோ நாடாவின் வரிகளை மேலே போடுவது இன்னொரு மோகம். அந்தத் தொடர்கள் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. வீட்டில் பதிந்த நாடா என்ற பாவனை வேண்டுமானால் மேற்சொன்ன எல்லாம் முடிந்த பிறகு 640×480-க்கு இறக்கி, நிறத்தை மட்டும் கிடைமட்டமாகக் கசியவிடுங்கள். வரிசை மாறினால் ஃபிலிம் மணல் நாடாவுக்கு மேல் மிதக்கும்.

பின்னணி நகர்வில் ஒரு நுட்பம் பலருக்குப் பிடிபடுவதில்லை. பாத்திரம் மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை மாறினாலும், கேமரா மேசை ஒவ்வொரு ஃபிரேமும் நகர்த்தப்படும். எனவே நடக்கும் ஆளோடு பின்னணி ஓடினால் கால் தரையில் வழுக்கும். அக்காலத்தினர் இதற்குக் கண்ட தீர்வு ரொம்ப எளிது: இடுப்புக்கு மேல் மட்டும் காட்டு. நட்சத்திர வானம் நகரும்போது ஒரு பிக்சல் புள்ளிகள் விட்டுவிட்டுத் தெரியும். புள்ளியை இரண்டு மூன்று பிக்சலாக்கி, ஃபிரேமுக்கு ஆறு பிக்சலுக்கு மேல் நகராமல் வையுங்கள்.

ஒலிக்குப் பழைய படத்தின் இசையைத் தொடவே வேண்டாம். வீடியோ தளங்களின் தானியங்கி உரிமைச் சோதனை முதலில் பிடிப்பது அதைத்தான். வாளின் ரீங்காரத்தை 1977 படத்துக்காக ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் உருவாக்கியது திரைப்படப் புரொஜெக்டர் மோட்டார் ஓசையும் தொலைக்காட்சிக் குழாயின் இரைச்சலும் சேர்த்து. அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு மைக்கை முன்னே வீசினால் வீச்சின் ஓசை பிறக்கும். மின்விசிறி மோட்டாரையோ மிக்சி மோட்டாரையோ பதிந்து அதே முறையில் உங்களுக்கென்று ஒரு ரீங்காரம் செய்துகொள்ளலாம்.

பாத்திரங்களின் உரிமை லூகாஸ்ஃபிலிமுடையது. 2012 முதல் அது டிஸ்னியின் கையில். படத்தை விற்பது, சட்டையில் அச்சிடுவது, பொதுமக்களிடம் நிதி திரட்டுவது மூன்றையும் தவிருங்கள். ‘இது ரசிகர் படைப்பு’ என்று போடும் வரி சட்டப் பாதுகாப்பு அல்ல. இதிலிருந்து வருமானம் பார்க்கும் எண்ணம் கொஞ்சமேனும் இருந்தால், பெயர்களையும் வாளையும் தலைக்கவசத்தையும் ஸ்டோரிபோர்டு நிலையிலேயே மாற்றிவிடுங்கள். நிறமடித்த பிறகு மாற்றுவது 400 படத்தையும் மறுபடி வரைவதற்குச் சமம்.